160 ஏக்கர் நிலச் சீட்டு: விற்பதா, குடியேறுவதா, மகன் பெயருக்கு மாற்றுவதா?

அமெரிக்காவில், பிரிட்டனோடு நடந்த 1812 போரில் துப்பாக்கி தூக்கிய குடிப்படைக்காரர்களுக்கு (மிலிஷியா என்பார்கள்) நாற்பது ஆண்டு கழித்து ஆளுக்கு 160 ஏக்கர் வரை நிலம் கொடுத்தார்கள் என்று சொன்னால் கேட்பவர் முகம் மலரும். அவர்களில் பெரும்பாலோர் அந்த உரிமையைத் தரகரிடம் விற்றுவிட்டார்கள் என்று சேர்த்துச் சொன்னால் முகம் சுருங்கிவிடும். "சும்மா வந்த நிலத்தை யாராவது விற்பார்களா? பாவம், ஏமாத்திட்டாங்க" என்பதுதான் அடுத்து வரும் பேச்சு. நிலத்தை விற்பதே குடும்பத்துக்கு இழுக்கு என்று கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்தக் கோபம் இயல்பானதுதான்.

ஆனால் 1855-இல் அறுபதைத் தாண்டிய ஒரு பெரியவர் முன்னால் என்னென்ன வழிகள் இருந்தன, ஒவ்வொன்றுக்கும் என்ன செலவு பிடித்தது என்று உட்கார்ந்து கணக்குப் போட்டால் தீர்ப்பு மாறுகிறது. பெரும்பாலோர் விற்றது சரிதான் என்பது என் கட்சி. தவறு நடந்தது வேறு இடத்தில்.

சட்டம் என்ன கொடுத்தது

போர் நடந்த காலத்தில் நிலம் தருவதாகச் சொன்னது நிரந்தரப் படையில் சேர்ந்தவர்களுக்கு மட்டுமே. ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் சேர்ந்த சிப்பாய்க்கு 160 ஏக்கர். உழவை விட்டுவிட்டுச் சில வாரமோ சில மாதமோ காவலுக்குப் போய்த் திரும்பிய குடிப்படைக்காரனுக்குக் கூலி உண்டு, நிலம் கிடையாது.

1850 செப்டம்பர் 28 அன்று வந்த சட்டம் அவர்களையும் சேர்த்துக்கொண்டது. ஒன்பது மாதப் பணிக்கு 160 ஏக்கர், நான்கு மாதத்துக்கு 80, ஒரு மாதத்துக்கு 40. ஒரு மாதத்துக்குக் குறைந்தவர்களுக்கு ஒன்றுமில்லை. 1855 மார்ச் 3 சட்டம் இந்தப் படிக்கட்டையே எடுத்துவிட்டது. பதினான்கு நாள் பணியாற்றியிருந்தாலும், ஒரு சண்டையில் நின்றிருந்தாலும் 160 ஏக்கர். முன்பு 40 வாங்கியவர் மீதி 120-க்கு மனுப் போடலாம். 1814 செப்டம்பரில் பிரிட்டிஷ் படையிடமிருந்து பிளாட்ஸ்பர்க் ஊரைக் காக்க ஓடிப்போன தன்னார்வலர்களையும் பெயர் சொல்லிச் சேர்த்தார்கள். பூர்வகுடி வீரர்களுக்கும் வெள்ளையருக்குரிய அதே உரிமை உண்டு என்று ஒரு பிரிவு இருந்தது.

கைக்கு வருவது நிலம் அல்ல, ஒரு சீட்டு என்பதை மட்டும் மறந்துவிடக் கூடாது. மாஜிஸ்திரேட் முன் சத்தியம் செய்து, இரண்டு சாட்சிகளோடு மனு எழுதி, வாஷிங்டனில் உள்ள ஓய்வூதிய ஆணையருக்கு அனுப்ப வேண்டும். அவர்கள் பழைய படைப் பட்டியல்களில் பெயரைத் தேடுவார்கள். பெயர் இருந்தால் சீட்டு தபாலில் வரும். அதை ஏதாவது ஒரு அரசு நில அலுவலகத்தில் கொடுத்து, ஏற்கெனவே அளந்து பிரித்த புறம்போக்கில் அத்தனை ஏக்கரைக் குறித்துக்கொண்டால் பிறகு பட்டா வரும். அந்தப் புறம்போக்கோ அயோவா, விஸ்கான்சின், மினசோட்டா, மிசௌரி போன்ற மேற்குப் பகுதிகளில்தான் இருந்தது. நியூயார்க்கிலும் வெர்மாண்டிலும் மேரிலாந்திலும் ஒரு ஏக்கர் கூடக் கிடையாது.

எதை வைத்து எடை போடுவது

கணக்குக்கு ஒரு பெரியவரை வைத்துக்கொள்வோம். கற்பனை ஆள்தான், ஆனால் சட்டத்துக்குப் பொருந்துகிற ஆள். நியூயார்க் மாநிலத்து உழவர். 1814 இலையுதிர் காலத்தில் சாக்கெட்ஸ் ஹார்பர் துறைமுகக் காவலில் நாற்பது நாள். இப்போது வயது 62. 1850 சட்டப்படி 40 ஏக்கர் சீட்டு வாங்கி அப்போதே செலவழித்தாகிவிட்டது. இப்போது 120 ஏக்கர் வர வேண்டும். மனைவி இருக்கிறார். மூத்த மகன் அப்பாவின் பண்ணையைப் பார்த்துக்கொள்கிறான், இளையவன் மேற்கே போகலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறான்.

இவருக்கு முதல் அளவுகோல் காலம். எந்த வழியில் பலன் இவர் கண்ணை மூடுவதற்குள் வரும்? அடுத்தது முதலீடு: சீட்டு இலவசம், அதை நிலமாக்க என்ன செலவு? மூன்றாவது, ஆண்டுதோறும் சத்தமில்லாமல் கழிந்துகொண்டே இருக்கும் வரி, தரகு, வழக்குச் செலவு. நான்காவது, இவர் போய்விட்டால் யாருக்குச் சேரும் என்பது. கடன் உள்ளவராக இருந்தால் ஐந்தாவதாக அதையும் பார்க்க வேண்டும்.

ஏக்கர் எண்ணிக்கையை நான் அளவுகோலாக எடுக்கவில்லை. 120 ஏக்கர் என்ற எண் கண்ணை மறைக்கும். அரசு அப்போது அதே மாதிரி நிலத்தை ஏக்கர் 1 டாலர் 25 சென்ட்டுக்கு யாருக்கு வேண்டுமானாலும் விற்றுக்கொண்டிருந்தது. ஆக, சீட்டின் உச்ச மதிப்பு 150 டாலர். அதற்கு மேல் கொடுத்து யாரும் வாங்க மாட்டார்கள். வெறும் காசைக் கொண்டுபோனாலே நிலம் கிடைக்குமே!

வழி 1: சீட்டை விற்பது

1852 சட்டத்துக்குப் பிறகு இந்தச் சீட்டுகளைக் கைமாற்றத் தடையில்லை. சீட்டின் பின்புறத்தில் "இன்னாருக்கு மாற்றிக்கொடுத்தேன்" என்று எழுதி, சாட்சி வைத்துக் கையெழுத்திட்டு, அதிகாரி முன் ஒப்புக்கொண்டால் முடிந்தது. வாங்குபவர் பெயர் வர வேண்டிய இடத்தைப் பலர் காலியாகவே விட்டுக் கொடுத்தார்கள். அப்படிப்பட்ட சீட்டு நாலைந்து கை மாறி, கடைசியாக அயோவாவில் யாரோ ஒருவர் பெயர் எழுதப்பட்டு நில அலுவலகத்துக்குப் போகும். வால் ஸ்ட்ரீட் தரகர்கள் பங்குப் பத்திரம் மாதிரி இதற்கு அன்றாட விலை சொன்னார்கள். 40, 80, 120, 160 ஏக்கர் சீட்டுகளுக்குத் தனித்தனி விலை பத்திரிகையில் வரும்.

விலை ஒரு நிலையில் நிற்கவில்லை. நல்ல காலத்தில் ஏக்கருக்கு ஒரு டாலரைச் சற்றுத் தாண்டியது. 1857 ஆகஸ்டில் ஓஹையோ லைஃப் இன்சூரன்ஸ் அண்ட் டிரஸ்ட் நிறுவனம் கவிழ்ந்து, அந்தப் பீதி நாடெங்கும் பரவிய பிறகு சரிந்தது. ஏக்கர் ஒரு டாலர் என்று வைத்தால் நம் பெரியவருக்கு 120 டாலர். அன்று பண்ணையாளுக்குச் சாப்பாடு போக மாதக் கூலி 10 முதல் 14 டாலர். அதாவது ஏறக்குறைய ஒரு வருடக் கூலி, முப்பது மைல் தாண்டாமல், முதுகு வளையாமல் கையில் வந்துவிடுகிறது. ஒரு ஜோடி மாடு, ஓட்டை விழுந்த களஞ்சியக் கூரை, ஒரு குளிர்காலத்துக்கு மருந்து, கடைக்காரன் பாக்கி எல்லாம் அதில் அடங்கும்.

மறைமுகச் செலவு? ஊர்த் தரகன் வால் ஸ்ட்ரீட் விலையைக் கொடுக்க மாட்டான். பத்திரிகை வாசிக்கத் தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் இடையில் பத்து இருபது டாலர் போய்விடும். மனு எழுதித் தரும் ஏஜென்ட் தன் பங்கை எடுப்பான். சீட்டு வருவதற்கு முன்னாலேயே "கையெழுத்துப் போட்டுக் கொடு, இப்பவே காசு தரேன்" என்று வருகிறவன் ஒருவன் உண்டு. 1850 சட்டம் இதை எதிர்பார்த்தே ஒரு விதி வைத்தது: சீட்டு வழங்கப்படும் முன் எழுதிய விற்பனை, அடமானம், அதிகாரப் பத்திரம் எதுவும் செல்லாது. பெரியவர் கையில் இருந்த நல்ல ஆயுதம் இது. பலருக்கு அப்படி ஒரு விதி இருப்பதே தெரியாது என்பதுதான் சிக்கல்.

இந்தச் சீட்டு மேற்கே போய் என்ன ஆனது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் 'ஏமாந்தார்கள்' என்ற பேச்சு அங்கிருந்துதான் கிளம்புகிறது. காசில்லாத குடியேறி தரகனிடம் போவான். தரகன் சீட்டைப் போட்டு நிலத்தைத் தன் பெயரில் எடுத்துக்கொண்டு, ஒரு வருடத் தவணையில் அவனுக்கு விற்பதாக ஒப்பந்தம் எழுதுவான். ஏக்கருக்கு 1.25 டாலர், அதற்கு மேல் நாற்பது சதவீதம் வரை. நம் பெரியவர் 120 டாலருக்கு விட்ட சீட்டுக்கு அந்தக் குடியேறி 210 டாலர் கட்ட நேரிடும். இடையில் இருந்த 90 டாலரைப் பார்த்துத்தான் வயிறு எரிகிறது. ஆனால் அந்தத் 90 டாலரை அயோவாவில் உட்கார்ந்து, கடன் கொடுத்து, வராத தவணையைத் துரத்தி வசூலிக்க 62 வயது நியூயார்க் உழவரால் முடியுமா?

வழி 2: தானே போய்க் குடியேறுவது

1854-இல் ரயில் சிகாகோவிலிருந்து மிசிசிப்பிக் கரையில் உள்ள ராக் ஐலண்டுக்கு வந்துவிட்டது. ஆற்றைத் தாண்டி வண்டி கட்டிக்கொண்டு போனால் அயோவாப் புல்வெளி. அங்கே மரம் வெட்டிக் காடு திருத்தும் வேலை இல்லை என்பதால் சுலபம் என்று நினைத்தவர்கள் உண்டு. அந்த மண்ணைப் பார்த்ததும் நினைப்பு மாறியது. நூற்றாண்டுகளாகப் புல்வேர் பின்னிக் கிடக்கும் தரை சாதாரணக் கலப்பைக்கு அசையாது. பெரிய எஃகுக் கலப்பை, அதை இழுக்கப் பல ஜோடி எருது. கூலிக்கு உழுதுதர ஏக்கருக்கு 2 முதல் 3 டாலர். நாற்பது ஏக்கரை முதல்முறை கிழித்துப்போடவே 100 டாலர் ஆகும். சீட்டை விற்றால் வரும் காசில் பெரும்பகுதி ஒரே ஓர் உழவுக்குச் சரியாகிவிடுகிறது. அதற்கு மேல் வேலி உண்டு. புல்வெளியில் மரமில்லை, ஆகவே வேலிக்கட்டையும் காசுதான். பிறகு வீடு, கிணறு, மாடு, விதை, முதல் நல்ல விளைச்சல் வரும்வரை சாப்பாடு. எல்லாம் கூட்டினால் நிலத்தின் விலை மொத்தச் செலவில் சிறு பங்கு. நிலம் இலவசம் என்பது உண்மை, பண்ணை இலவசமில்லை.

62 வயதில், மூட்டுவலியோடு, அறிமுகமில்லாத ஊரில் இதைத் தொடங்கச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. ஒரே ஒரு நிலையில் இது நல்ல வழி: பிள்ளைகள் எல்லோரும் ஏற்கெனவே மேற்கே போயிருந்து, கிழக்கே இருக்கும் சொத்தை விற்ற பணம் கையில் இருந்து, மகன் பண்ணைக்குப் பக்கத்திலேயே நிலம் காலியாக இருந்தால். அப்போது அவர் குடியேறுவது சீட்டுக்காக அல்ல, பிள்ளைகளுக்காக. சீட்டு அதில் ஒரு கூடுதல் சௌகரியம்.

வழி 3: நிலத்தை எடுத்துவிட்டு, ஊரிலிருந்தே வைத்திருப்பது

நம்மவர்கள் மனதுக்கு உடனே பிடிக்கிற வழி இது. நிலத்தைக் குறித்துப் பட்டா வாங்கிப் போட்டுவைப்போம், விலை ஏறட்டும். விலை ஏறத்தான் செய்தது. அயோவாவின் மக்கள்தொகை 1850-இல் 1 லட்சத்து 92 ஆயிரம், 1860-இல் 6 லட்சத்து 75 ஆயிரம்.

இதை வெற்றிகரமாகச் செய்த ஒரு முன்னாள் குடிப்படைக்காரரை எல்லோருக்கும் தெரியும், அவர் பெயர் ஆபிரகாம் லிங்கன். பூர்வகுடிகளோடு நடந்த 1832 பிளாக் ஹாக் போரில் இல்லினாய் குடிப்படையில் சில வாரங்கள் இருந்தார். நம் பெரியவரைப் போலவே 1850 சட்டப்படி 40 ஏக்கர், 1855 சட்டப்படி 120 ஏக்கர். நாற்பதை அயோவாவின் டாமா வட்டாரத்தில் 1854-இல் டுபியூக் ஊரில் இருந்த ஒரு பிரதிநிதி மூலம் எடுத்தார், 120-ஐ கிராஃபோர்ட் வட்டாரத்தில். அங்கே ஒருநாளும் ஏர் பிடிக்கவில்லை. சாகும்போதும் நிலம் அவர் பெயரில் இருந்தது. கிராஃபோர்ட் நிலத்தை மகன் ராபர்ட் 1892-இல்தான் விற்றார்.

இதில் கவனிக்க வேண்டியது, 1855-இல் லிங்கனுக்கு வயது 46. நில வழக்குகளில் ஊறிய வக்கீல், பக்கத்து மாநிலத்துக்காரர், வரி கட்டக் கையில் காசுள்ளவர். இந்த நான்கில் ஒன்றுகூட நம் பெரியவருக்குப் பொருந்தாது.

பொருந்தாதவர்களுக்கு என்ன நடந்தது என்று பார்க்க இல்லினாய்க்குப் போக வேண்டும். 1812 போரின் நிரந்தரப் படைச் சிப்பாய்களுக்காக இல்லினாய் ஆற்றுக்கும் மிசிசிப்பிக்கும் நடுவே 35 லட்சம் ஏக்கரை அரசு ஒதுக்கியிருந்தது. யாருக்கு எந்தத் துண்டு என்பது குலுக்கல்தான். பட்டா வாங்கிய சிப்பாய் அங்கே போகாமல் கிழக்கிலேயே இருந்தால், மூன்று வருடம் வரி விலக்கு. நான்காம் வருடம் வரி வந்தது. கட்டு என்று சொல்ல ஆளில்லை, கடிதம் எங்கே போனதோ தெரியாது, நிலம் வரிப் பாக்கிக்கு ஏலத்தில் போனது. ஏலத்தில் எடுத்தவன் ஒருவன், பட்டாக்காரன் ஒருவன், இரண்டு பேருக்கும் தெரியாமல் வீடு கட்டி உழுதுகொண்டிருப்பவன் ஒருவன் என்று ஒரே துண்டுக்கு மூன்று உரிமை. ஒரு தலைமுறைக்கு அந்த வட்டார வக்கீல்களுக்குச் சோறு போட்டது இந்த நிலம்தான். தூரத்து நிலம் யானையைக் கட்டித் தீனி போடுகிற வேலை. தீனியை நிறுத்தினால் யானை அடுத்தவன் வாசலுக்குப் போய்விடும்.

ஏஜென்ட் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்றால் வரியோடு ஏஜென்ட் கட்டணமும் சேரும். விலை ஏறும்வரை பத்துப் பதினைந்து வருடம் இதைக் கட்ட வேண்டும். 62 வயதுக்காரருக்கு அந்தப் பத்துப் பதினைந்து வருடம்தான் கையில் இல்லாதது.

டாமா வட்டாரத்தைப் பற்றிச் சொன்னதால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அது மெஸ்க்வாக்கி என்ற பூர்வகுடி மக்கள் வாழ்ந்த, ஒப்பந்தம் போட்டு அவர்களிடமிருந்து எடுத்த மண். 1857-இல் அவர்கள் அதே டாமா வட்டாரத்தில் 80 ஏக்கரை 1,000 டாலர் கொடுத்துத் திரும்ப வாங்கினார்கள். ஏக்கர் 12 டாலர் 50 சென்ட், அரசு விலையின் பத்து மடங்கு. குடிப்படைக்காரருக்கு 'சும்மா' கிடைத்தது என்கிறோமே, அதற்கான விலையைக் கட்டியவர்கள் இவர்கள்.

வழி 4: மேற்கே போகும் மகனுக்கு மாற்றிக்கொடுப்பது

ஏமாற்றம் குறைந்த, அதிகம் பேசப்படாத வழி. இளைய மகன் எப்படியும் போகப் போகிறான் என்றால், அவன் நில அலுவலகத்தில் கட்ட வேண்டிய 150 டாலருக்குப் பதில் அப்பாவின் சீட்டைக் கொடுத்துவிடலாம். சந்தையில் 120-க்குப் போகும் சீட்டு குடும்பத்துக்குள் 150 ஆக நிற்கிறது. நடுவில் தரகனில்லை, நாற்பது சதவீதமும் இல்லை. 1841 முன்னுரிமைச் சட்டப்படி முதலில் போய்க் குடிசை போட்டு, நிலத்தைத் திருத்திவிட்டு, பிறகு விலை கட்டுகிறவர்களும் காசுக்குப் பதில் சீட்டைக் கொடுக்கலாம். உழவுக்கும் வேலிக்கும் ஆகும் செலவு அப்போதும் இருக்கும், ஆனால் அதை இருபத்தைந்து வயது உடம்பு தாங்கும்.

மறைந்திருக்கும் செலவு வீட்டுக்குள் இருக்கிறது. அப்பாவையும் அம்மாவையும் வைத்துப் பார்த்துக்கொள்கிறவன் மூத்தவன். சீட்டு இளையவனுக்குப் போனால், "நான் பார்த்துக்கிறேன், அவனுக்கா நிலம்?" என்ற கேள்வி வராமல் இருக்காது. மூத்தவனுக்குப் பண்ணை, இளையவனுக்குச் சீட்டு என்று வாயால் அல்ல, எழுத்தில் முடித்துவிடுவது நல்லது. இரண்டாவது ஆபத்து, பெரியவருக்குக் கைக்காசு எதுவும் மிஞ்சாது. வேறு வருமானம் இல்லாதவர் இந்த வழியை எடுக்கக் கூடாது என்பேன். பிள்ளைப் பாசத்தில் பலர் அதைத்தான் செய்திருப்பார்கள்.

கணக்கில் கெட்டிக்கார மகனாக இருந்தால் இன்னொரு குறுக்குவழியும் உண்டு. 1854 ஆகஸ்டில் வந்த சட்டம், பல ஆண்டுகளாக விலைபோகாமல் கிடந்த அரசு நிலத்தின் விலையைப் படிப்படியாக இறக்கியது. பத்து ஆண்டு கிடந்தால் ஏக்கர் ஒரு டாலர், இருபது ஆண்டு கிடந்தால் 50 சென்ட், முப்பது ஆண்டுக்கு மேல் என்றால் பன்னிரண்டரை சென்ட். தானே குடியிருந்து உழுவேன் என்று சத்தியம் செய்பவருக்கு 320 ஏக்கர் வரை. அங்கே போய்ச் சீட்டை நீட்டுவது வீண். சீட்டை 120 டாலருக்கு விற்று, 50 சென்ட் நிலத்தில் 240 ஏக்கர் வாங்கலாம். இருபது வருடமாக யாரும் தொடாத நிலம் ஏன் தொடப்படாமல் கிடந்தது என்று மட்டும் நேரில் போய்ப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வழி 5: பொறுத்துப் பார்ப்பது

அரசு இதைவிட நல்லதாக ஏதாவது தரும் என்று காத்திருப்பது. 1850-இல் 40 தந்தவர்கள் 1855-இல் 160 ஆக்கினார்கள் அல்லவா, ஆகவே இது முட்டாள்தனமான எண்ணமில்லை. ஆனாலும் இருப்பதிலேயே மோசமான வழி இதுதான்.

மனுப் போடாமல் பெரியவர் இறந்தால் உரிமை மனைவிக்கு. மனைவியும் இல்லையென்றால் மைனர் பிள்ளைகளுக்கு, அதாவது 1855 சட்டம் வந்த நாளில் 21 வயது நிரம்பாதவர்களுக்கு. 1814-இல் சண்டைக்குப் போனவரின் பிள்ளைகளில் எத்தனை பேர் 1855-இல் மைனர்? பெரும்பாலான வீடுகளில் ஒருவரும் இல்லை. வளர்ந்த பிள்ளைகளுக்கு ஒன்றுமில்லை. உரிமை அப்படியே காற்றில் போய்விடும். மனுவைப் போட்டுவிட்டு இறந்தவர் நிலைமை வேறு: 1858 ஜூன் 3 சட்டப்படி அப்படிப்பட்ட சீட்டு மனைவிக்கும், அவர் இல்லையென்றால் வாரிசுகளுக்கும் போகும். ஆக, மனுப் போட்டவரின் வீட்டுக்கும் போடாதவரின் வீட்டுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு தபால்தான். நான் முதலில் சொன்ன தவறு இங்கேதான் நடந்தது.

விலையும் காத்திருந்தவருக்குச் சாதகமாக இல்லை. 1855-க்குப் பின் சீட்டுகள் வெள்ளமாக வந்தன. 1847 முதல் வந்த நான்கு சட்டங்களின்படி மொத்தம் சுமார் ஐந்தரை லட்சம் சீட்டுகள், ஆறு கோடி ஏக்கர். அயோவாவில் மட்டும் ஒரு கோடியே நாற்பது லட்சம் ஏக்கர் சீட்டு வழியாகப் போனது. அடுத்து 1857 பீதி. அதற்கடுத்து 1862 ஹோம்ஸ்டெட் சட்டம், ஐந்து வருடம் குடியிருந்தால் சிறு கட்டணத்துக்கு எவருக்கும் 160 ஏக்கர். சும்மா கிடைக்கிற ஒன்றுக்கு யார் சீட்டு வாங்குவார்கள்?

ஓய்வூதியம் வந்ததே என்பீர்கள். வந்தது, 1871 பிப்ரவரியில், மாதம் 8 டாலர். வருடத்துக்கு 96. பதினைந்து மாதத்தில் சீட்டின் விலையை எட்டிவிடும். ஆனால் அறுபது நாள் பணி வேண்டும் என்றது சட்டம். நம் பெரியவருடையது நாற்பது நாள். 1878 மார்ச்சில்தான் அதைப் பதினான்கு நாளாகக் குறைத்தார்கள். அன்று அவர் உயிரோடு இருந்தால் வயது 85. நியூயார்க்கைச் சேர்ந்த ஹிராம் கிராங்க் 105 வயது வரை, 1905 வரை வாழ்ந்தார், 1812 போரின் கடைசி வீரர் என்று அவரைச் சொல்வார்கள். அவரை நினைத்துக்கொண்டு திட்டம் போட முடியாது. அதோடு, 1855-இல் நில மனுப் போட்டவர் பின்னால் ஓய்வூதியமும் கேட்கத் தடை இருக்கவில்லை. ஒன்றை விட்டால்தான் மற்றது என்ற நிலையே இல்லாதபோது எதற்காகக் காத்திருப்பது?

ஒரே பார்வையில்

| வழி | பலன் வரும் காலம் | மேற்கொண்டு தேவைப்படும் பணம் | மறைந்திருக்கும் செலவு | யாருக்கு ஏற்றது |
|---|---|---|---|---|
| விற்பது | சில வாரம் | இல்லை | ஊர்த் தரகனின் விலைக்குறைப்பு, ஏஜென்ட் பங்கு | கைக்காசு தேவைப்படுபவர், மேற்கே ஆளில்லாதவர் |
| தானே குடியேறுவது | சில வருடம் | சீட்டின் மதிப்பைப் போலப் பல மடங்கு | உழவு, வேலி, உடல்நலம் | பிள்ளைகள் ஏற்கெனவே அங்கே உள்ளவர் |
| தூரத்திலிருந்து வைத்திருப்பது | பத்து வருடத்துக்கு மேல் | ஆண்டு வரி | ஏலம், உரிமை வழக்கு | வயதும் வசதியும் சட்ட அறிவும் உள்ளவர் |
| மகனுக்கு மாற்றுவது | மகனுக்கு உடனே | மகனின் பண்ணைச் செலவு | அண்ணன் தம்பி மனத்தாங்கல், பெரியவர் கை காலி | மகன் போவது உறுதி, பெரியவருக்கு வேறு வருமானம் உண்டு |
| காத்திருப்பது | தெரியாது | இல்லை | உரிமையே போய்விடலாம் | யாருக்குமில்லை |

கணக்கை மாற்றும் சில நிலைமைகள்

கடன் தலைக்கு மேல் இருப்பவர் விற்கும் முன் ஒருமுறை நிதானிக்க வேண்டும். பட்டா வழங்கும் முன் வாங்கிய கடனுக்காகச் சீட்டையோ நிலத்தையோ பிடிக்க முடியாது என்று 1850 சட்டம் சொல்கிறது. காசாக மாறியதும் அந்தக் கவசம் கழன்றுவிடும், கடன்காரன் வாசலில் நிற்பான். இவருக்கு மட்டும் மகனுக்கு மாற்றுவதோ நிலமாக எடுப்பதோ விற்பதைவிட மேல்.

விதவைகளுக்கு என் யோசனை நேரடியானது: விற்றுவிடுங்கள். வீட்டிலிருந்து அசையாமல், மருமகளிடம் கையேந்தாமல் ஒரு வருடத்தை ஓட்ட அது போதும். 1871 ஓய்வூதியச் சட்டம் போர் முடியும் முன் திருமணமான மனைவிக்குத்தான் பணம் கொடுத்தது. பின்னால் கட்டியவர்களுக்கு 1878 வரை எதுவுமில்லை. இந்தச் சீட்டு ஒன்றுதான் கணவனின் பணிக்காக அவர் கைக்கு வந்திருக்கும்.

படைப் பட்டியலில் பெயர் இல்லாதவர் நிலை சிரமம். குடிப்படைத் தலைவர்கள் எல்லோரும் ஒழுங்காகப் பட்டியல் எழுதியவர்கள் அல்ல. பெயரைக் காதில் கேட்டபடி எழுதியிருப்பார்கள், சில இடத்தில் எழுதவே இல்லை. 1856 மே மாதத் திருத்தம், பதிவேடு இல்லாத இடத்தில் வாய்மொழிச் சாட்சியை ஏற்றுக்கொண்டது. அந்தச் சாட்சியைச் சொல்லக்கூடியவர் கூட நின்ற தோழர், அவருக்கும் அதே அறுபது எழுபது வயது. முன்பே 40 ஏக்கர் வாங்கியவருக்கு இந்தத் தொல்லை கிடையாது, பழைய மனுவில் நிரூபித்ததே போதும். மற்றவர்கள் விற்பதா வைத்திருப்பதா என்று திண்ணையில் உட்கார்ந்து விவாதிப்பதற்கு முன், உயிரோடு இருக்கும் இரண்டு தோழர்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு மாஜிஸ்திரேட்டிடம் போக வேண்டும். மற்றதைச் சீட்டு வந்தபிறகு பேசிக்கொள்ளலாம்.